யாரிடம் விசாரிப்பது?



சம்பந்தம் பேசப் போகிறோம் என்றால், முதலில் அந்த ஊர்ச் சபையில் நாலு பேரிடம் விசாரிப்பது நம் வழக்கம். “ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவாங்க. அப்பா சேகரக் கமிட்டியில இருக்கார். அம்மா பெண்கள் ஐக்கியச் சங்கத்துல ரொம்ப ஆக்டிவ்.” இப்படி ஒரு பதில் கிடைத்தால் போதும், நமக்கு மனசு நிறைந்துவிடும். நல்ல சாட்சியுள்ள குடும்பம் என்று முடிவு கட்டிவிடுவோம்.

அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்காவிடம் யாராவது விசாரிக்கிறோமா?

அவருக்குத்தானே எல்லாம் தெரியும்! சம்பளம் ஒன்றாம் தேதி கைக்கு வருமா, பத்தாம் தேதி வரை கேட்டுக் கேட்டு வாங்க வேண்டுமா என்பது தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வராவிட்டால் பிடித்தம் உண்டா என்பது தெரியும். அவருக்கென்று தனி டம்ளர் ஜன்னலோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறதா என்பதும் தெரியும். குடும்ப ஜெபம் முடிந்து எழுந்த ஐந்தாவது நிமிடம் அந்த வீட்டில் என்ன குரல் கேட்கும் என்பதைச் சபை ஐயர் அறியமாட்டார். அக்கா அறிவார்.

கூலி விஷயத்தில் வேதாகமம் சுற்றி வளைத்துப் பேசவில்லை. வேலை செய்தவனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19. அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான், பொழுது சாய்வதற்குள் கொடு என்கிறது உபாகமம் 24. யாக்கோபு இன்னும் கடுமை. பிடித்து வைத்த கூலியே கூக்குரல் போடும், அது தேவனுடைய காதுக்குப் போய்ச் சேரும் என்று எழுதுகிறார். இந்தப் பகுதிகளை வைத்து ஒரு பிரசங்கம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

சகேயுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுநாள் பள்ளியில் நாம் படித்ததில் நினைவில் நிற்பது காட்டத்தி மரமும் குள்ளமான மனிதரும்தான். படத்துக்கு வண்ணம்கூடத் தீட்டியிருப்போம். ஆனால் அந்தக் கதையின் சதைப்பற்று மரத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. சொத்தில் பாதி ஏழைகளுக்கு. யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்கிறார் அவர். தானாகக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமம் சொல்லும் சட்டம். ஆட்டைத் திருடி விற்றவனுக்குத்தான் நாலு மடங்கு. சகேயு தனக்குத் தானே பெரிய தண்டனையை எழுதிக்கொள்கிறார். கணக்கைக் காட்டு என்று இயேசு அவரிடம் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. விருந்துக்கு வந்தார், அவ்வளவுதான். இந்த வீட்டுக்கு இன்று இரட்சிப்பு வந்தது என்று அவர் சொன்னது, சகேயு பணத்தைப் பற்றிப் பேசிய பிறகு.

“நாங்களே இ.எம்.ஐ. கட்ட முடியாமல் திண்டாடுகிறோம், எங்களைப் போய்ச் சொல்கிறீர்களே” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம்மில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள், இருபதாம் தேதிக்கு மேல் கையைக் கடிக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுக்கடன் தவணை ஐந்தாம் தேதி தானாகப் போய்விடுகிறது. செல்போன் ரீசார்ஜ் ஒரு நாள் தள்ளுவதில்லை. தள்ளினால் பேங்க் அபராதம் போடும், லைன் கட்டாகிவிடும். அக்கா அபராதம் போடமாட்டார். அவர் முறை கடைசியில் வருவதற்கு அதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கிறிஸ்மஸுக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறோமே என்றும் சொல்லலாம். கொடுங்கள், நல்லதுதான். ஆனால் மூன்று வருஷமாக ஏறாத சம்பளத்தை அந்தப் புடவை ஈடுகட்டிவிடாது.

விசுவாசம் காசு விஷயத்திலும் தெரியும் என்பதற்கு மிசோரம் மாநிலத்தைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்புப்படி அங்கே நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து சபைக்குக் கொடுக்கும் பழக்கம் அங்கே 1910 முதல் இருக்கிறது. அதை விடுங்கள், பிடி அரிசி நமக்கும் புதிதில்லை. எனக்குப் பிடித்தது அங்குள்ள ஆளில்லாக் கடைகள். அய்சால் பக்கம் சேலிங் அருகே நெடுஞ்சாலையோரம் மூங்கில் தட்டிகளில் காய்கறியும் பழமும் வைத்திருப்பார்கள். விலை எழுதிய அட்டை இருக்கும், காசு போட ஒரு டப்பா இருக்கும். கடைக்காரர் வயலுக்குப் போயிருப்பார். வாங்குகிறவர் காசைப் போட்டுவிட்டு, மீதி வேண்டுமென்றால் அவரே எடுத்துக்கொண்டு போவார்.

பிறருக்கு முதலிடம் கொடுப்பது நற்செய்தி வருவதற்கு முன்பே மிசோ மக்களிடம் இருந்த பண்பு. சபைகள் அதை விடாமல் வளர்த்தெடுத்தன. அங்கே எல்லாரும் பரிசுத்தவான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வழியில் போகிற ஒருவரை நம்பிக் கடையை விட்டுவிட்டுப் போக முடிகிறதே, அது ஒரு நாள் எழுப்புதல் கூட்டத்தில் வருமா? நம் கோயில் வாசலில் அப்படி ஒரு கடை போட்டால் டப்பாவில் என்ன மிஞ்சும்? (டப்பா மிஞ்சுமா என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது.)

அந்தத் தனி டம்ளருக்குப் பின்னால் இருக்கும் ஜாதி விஷயமும் இதில் சேர்ந்ததுதான். சபைக்குள் ஜாதி வேற்றுமை கூடவே கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகிப் போனார்கள். இன்றைய கிறிஸ்தவ மணமாலை விளம்பரங்களைப் படியுங்கள். ‘இரட்சிக்கப்பட்ட’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே ஜாதிப் பெயர் உட்கார்ந்திருக்கும். எத்தனை பவுன் என்பது மட்டும் அச்சில் வராது, நேரில் பேசிக்கொள்வார்கள்.

இதையெல்லாம் ஒரே வாரத்தில் மாற்றிவிட முடியாது. ஆனால் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு இந்த வாரமே ஒன்று செய்யலாம். வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் உதவித்தொகை, விபத்து நேர்ந்தால் நிதி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களுக்கும் ஆன்லைனில் விண்ணப்பிக்கத் தெரியாது. நம் வீட்டில் கல்லூரி படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்கள் எதற்கு?

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அக்காவிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, பாஸ்புக்கை எடுத்துவரச் சொல்லி, உட்காரவைத்து, டீ கொடுத்து, விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். டீ நம் வீட்டு டம்ளரிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்