பால் சுரக்கும் ஹோர்மோனும் 'மலடி' என்ற பழியும்



திருமணமாகி மூன்று நான்கு வருடங்களாகியும் குழந்தை இல்லையென்றால், நம் சமூகத்தில் முதலில் விரல் நீட்டப்படுவது பெண்ணை நோக்கித்தான். மாமியின் முணுமுணுப்பு, அயலவரின் அனுதாபம், மறுமணப் பேச்சு என்று வளர்ந்து சில வேளைகளில் தலாக் வரைக்கும் போய்விடுகிறது. இத்தகைய பெண்களில் சிலரது குறை, ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிய வரக்கூடியது. குளிசையால் குணமாகக் கூடியது. அதற்குக் காரணமான ஹோர்மோனின் பெயர் புரொலெக்டின்.

மூளைக்கு அடியில் கடலையளவில் இருக்கும் கபச்சுரப்பியே இதைச் சுரக்கிறது. 1928இல் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஸ்ட்ரிக்கர், குரூட்டர் என்ற ஆய்வாளர்கள் இச்சுரப்பியின் சாற்றை முயல்களுக்கு ஏற்றியபோது பால் சுரக்கக் கண்டார்கள். 1933இல் அமெரிக்கரான ஒஸ்கார் ரிடிலும் சகாக்களும் புறாக்களை ஆராய்ந்தனர். புறா தன் தொண்டைப் பையில் சுரக்கும் ஒருவகைப் 'பாலை'யே குஞ்சுக்கு ஊட்டுகிறது. அதைச் சுரக்கச் செய்யும் பொருளுக்கு அவர்கள் புரொலெக்டின் எனப் பெயரிட்டனர்.

மனிதரில் இது தனி ஹோர்மோன்தானா என்ற சந்தேகம் நெடுநாள் நீடித்தது. நமது வளர்ச்சி ஹோர்மோனுக்கும் பால் சுரக்கச் செய்யும் ஆற்றல் இருப்பதே குழப்பத்துக்குக் காரணம். 1971இல் கனடாவின் ஹென்றி ஃபிரீசன் குழுவினர் மனித இரத்தத்தில் இதைத் தனியாக அளக்கும் முறையை வெளியிட்டார்கள். அதன் பிறகே, காரணமின்றி மாதவிடாய் நின்றுபோன பல பெண்களின் நிலை துலங்கத் தொடங்கியது.

மற்றக் கபச்சுரப்பி ஹோர்மோன்கள் மூளை ஏவினால் சுரப்பவை. புரொலெக்டினோ மூளை தடுத்து வைப்பது. டோபமைன் என்ற பொருளே அதற்குக் கடிவாளம். குழந்தை மார்பில் உறிஞ்சும்போது கடிவாளம் தளர்கிறது; புரொலெக்டின் கூடிப் பால் சுரக்கிறது. கருமுட்டை வெளிவருவதும் தள்ளிப்போகிறது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமலும், தாய்ப்பால் மட்டுமே இரவும் பகலும் கொடுத்தும், மாதவிடாய் திரும்பாமலும் இருந்தால் மறு கர்ப்பத்துக்கு எதிராக 98 சதவீதத்துக்கும் அதிகமான பாதுகாப்பு உண்டென 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள் உறுதி செய்தனர். முழுமையாகப் பாலூட்ட விரும்புவோருக்கு இரண்டு வருடங்கள் என அல்குர்ஆன் வழிகாட்டியிருப்பதை அறிந்த நமக்கு, இது படைத்தவனின் ஏற்பாட்டை மேலும் உணர்த்துகிறது.

ஆனால், பாலூட்டாத பெண்ணில் இக்கடிவாளம் தளர்ந்தால்? மாதவிடாய் பிந்தும் அல்லது நிற்கும், மார்பிலிருந்து பால் கசியலாம், கரு தங்காது. கபச்சுரப்பியில் தோன்றும் சிறு கட்டி ஒரு காரணம். இது பெரும்பாலும் புற்றுநோயல்ல. தைரொயிட் சுரப்பு குறைவதும் காரணமாகலாம். வாந்திக்குத் தரப்படும் டொம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைட், மனநோய்க்கான சில குளிசைகள் ஆகியனவும் புரொலெக்டினைக் கூட்டும். அதற்காக எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வைத்தியரிடம் கேளுங்கள்.

கட்டிதான் காரணமென்றாலும் பயப்பட வேண்டாம். புரோமோகிரிப்டின், கெபர்கொலின் ஆகிய குளிசைகள் டோபமைனைப் போலவே வேலை செய்கின்றன. பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சையின்றியே கட்டி சுருங்குகிறது, மாதவிடாய் சீராகிறது, பலர் தாயாகிறார்கள். தலைவலியோடு பார்வையும் மங்கினால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

பால் கசிவதைச் சொல்ல வெட்கப்பட்டு வருடக்கணக்கில் மறைத்து வைக்காதீர்கள். கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை: இந்த ஹோர்மோன் ஆண்களிலும் கூடும், கூடினால் ஆசையும் ஆண்மையும் குன்றும். குழந்தையின்மைக்கான காரணம் ஆணிடமும் இருக்கலாம். ஆகவே மனைவியை மட்டும் அனுப்பாமல் நீங்களும் சேர்ந்து போய்ப் பரிசோதியுங்கள்.

நோயைத் தந்த அல்லாஹ் மருந்தையும் தந்திருக்கிறான் என்று நம்புகிறவர்கள் நாம். மருந்தைத் தேடுமுன் ஒரு பெண்ணின் மீது பழியைச் சுமத்துவது எந்த வகையில் நியாயம்?