அனுமதிக் கடிதமும் வான்குடையும்



பிள்ளைகளை ஆபத்திலிருந்து காப்பது பெற்றோரின் கடமை. ஆசிரியரின் கடமையும் அதுவே. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால், காப்பதும் தடுப்பதும் ஒன்றா என்பதுதான் என் கேள்வி.

முகாம், மலையேற்றம், நீச்சல் என எதற்கு அனுமதிக் கடிதம் கொடுத்தனுப்பினாலும், "பயமாக இருக்கிறது டீச்சர், வேண்டாம்" என்ற பதில் சில பெற்றோரிடமிருந்து வந்துவிடுகிறது. பெண் பிள்ளை என்றால் மறுப்பு இன்னும் விரைவாக வரும். கொடிமலையின் அடிவாரத்திலேயே வளர்ந்தும் இரயிலில் அன்றி அம்மலையில் ஏறியறியாத பிள்ளைகள் உள்ளனர். கடல் சூழ்ந்த தீவில் பிறந்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகளும் உள்ளனர்.

கடந்த பள்ளி விடுமுறையில் நியூசிலாந்தின் குயின்ஸ்டவுன் நகருக்குச் சென்றிருந்தபோது, வாழ்வில் முதன்முறையாக வானூர்தியிலிருந்து குதித்தேன். பயிற்றுநர் ஒருவரோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் குதிக்கும் முறை அது, 'டாண்டம்' என்பார்கள். உயரம் 15,000 அடி, அதாவது ஏறத்தாழ 4,570 மீட்டர். நம் கினபாலு மலையின் உச்சியே 4,095 மீட்டர்தான். கீழே 'ரிமார்க்கபிள்ஸ்' மலைத்தொடரும், 80 கிலோமீட்டர் நீண்டு வளைந்து கிடக்கும் வாக்காட்டிப்பு ஏரியும் தெரிந்தன. ஏறக்குறைய ஒரு நிமிடம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தோம். பிறகு வான்குடை விரிந்தது. அதன்பின் நிலவிய அமைதியை இன்றும் மறக்க இயலவில்லை.

இதைக் கேள்வியுற்ற சக ஆசிரியர்கள் என்னை 'வீராங்கனை' என்றனர். அப்பட்டம் எனக்குப் பொருந்தாது. நான் செய்தவை இரண்டுதான்: சொன்னபடி உடலை வாழைப்பழம்போல் வளைத்தேன், தரையிறங்கும்போது கால்களைத் தூக்கிக் கொண்டேன். மற்ற அனைத்தையும் செய்தவர் என் முதுகுப்புறம் இருந்த பயிற்றுநர்.

அந்தப் பாதுகாப்பு எவ்வாறு உருவானது என்பதை அறிந்தால் வியப்பு ஏற்படும். பயணி நான்கு இடங்களில் பயிற்றுநரோடு பிணைக்கப்படுகிறார். இருவர் எடையால் வேகம் கூடும் என்பதால், குதித்தவுடன் ஒரு சிறு வான்குடை விரிந்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. முதன்மை வான்குடை பழுதானால் மாற்று வான்குடை உண்டு. தாழ்ந்த உயரத்திலும் வேகம் குறையாவிட்டால், அந்த மாற்று வான்குடையைத் தானாகவே விரிக்க ஒரு கருவியும் உண்டு. அமெரிக்க வான்குடைச் சங்கத்தின் விதிப்படி, இத்தகைய பயிற்றுநராவதற்குக் குறைந்தது 500 முறை குதித்த அனுபவமும் மூன்றாண்டுப் பழக்கமும் வேண்டும். 1980களில் அமெரிக்காவில் டெட் ஸ்ட்ராங், பில் பூத் போன்றோர் இம்முறையை உருவாக்கினர். அதற்கு முன்பு, புதியவர் முதல் தடவையே தனியாகத்தான் குதிக்க வேண்டியிருந்தது.

ஆக, அங்கே எவரும் அச்சத்தை இகழவில்லை. ஒவ்வோர் அச்சத்திற்கும் ஒரு விடை தேடி வைத்திருக்கிறார்கள். அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சுவதே அறிவுடையோர் செயல் என்று வள்ளுவரும் 'அறிவுடைமை' அதிகாரத்தில் கூறுகிறார். அஞ்சியதோடு நின்றுவிடாமல், அதற்குரிய ஏற்பாட்டைச் செய்வதே நம் வேலை.

எனவே பெற்றோரிடம் நான் வேண்டுவது இதுதான். கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு மறுக்கவும் செய்யாதீர்கள். கேள்வி கேளுங்கள். எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர்? நீர் விளையாட்டென்றால் உயிர்காப்பு அங்கி உண்டா? பயிற்றுநர் தகுதி பெற்றவரா? முதலுதவி அறிந்தவர் உடன் வருகிறாரா? மழை வந்தால் நிகழ்ச்சி நிறுத்தப்படுமா? தெளிவான விடை கிடைத்தால் பிள்ளையை அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் தாராளமாக மறுத்துவிடுங்கள். இக்கேள்விகளைத் தொல்லையாகக் கருதாமல், விடைகளைக் கடிதத்திலேயே எழுதி அனுப்புவது ஆசிரியர்களாகிய நம் பொறுப்பு.

1997 மே 23ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர்களான மகேந்திரனும் மோகனதாசும் நம்மவர்களே. பாடவேளையில் அவர்கள் பெயரைப் பெருமையுடன் சொல்கிறோம். ஆனால், நம் பிள்ளை தெலுக் பஹாங் தேசியப் பூங்காவில் ஆசிரியரோடு இரண்டு மணி நேரம் நடப்பதற்குத் தயங்குகிறோம். இது முரண் அல்லவா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வான்குதிப்பில் இணைந்து குதிப்பது தொடக்கம் மட்டுமே. அதே அமெரிக்கச் சங்கத்தில், முறையாகப் பயின்று குறைந்தது 25 முறை குதித்தவருக்குத் தனித்துக் குதிக்கும் முதல்நிலை உரிமம் வழங்கப்படுகிறது. எந்தப் பயிற்றுநரும் மாணவனை என்றென்றும் தம்மோடு கட்டி வைத்திருப்பதில்லை. பெற்றோராயினும் ஆசிரியராயினும், நாம் பிணைத்திருக்கும் வாரை ஒருநாள் அவிழ்த்தே ஆகவேண்டும். அந்த நாளுக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்தும் வேலையை ஆறாம் ஆண்டு முடிவதற்குள் தொடங்கிவிடுவோம்.