அலைக்கழிக்கவே ஒரு வழக்கு

தலித் மக்கள் மீது போடப்படும் சிவில் வழக்குகளில் ஒரு வகை, ஜெயிப்பதற்காகப் போடப்படுவதே இல்லை. வாய்தா வாய்தாவாக அலையவிட்டு, கூலி வேலையைக் கெடுத்து, நிலத்தையோ கொடுத்த புகாரையோ கைவிட வைப்பதுதான் அதன் நோக்கம். பஞ்சமி நிலத்துக்கு எழுதிய கிரையப் பத்திரத்தைக் காட்டி, அங்கே குடியிருப்பவர் மீதே தடையாணை கேட்பார்கள். ஒடுக்கப்பட்டோருக்கென்று நிபந்தனையோடு ஒதுக்கிய நிலம் அது. பிறர் வாங்கியது நிபந்தனைக்கு விரோதம். பத்திரம் எத்தனை கை மாறினாலும் அது மாறாது.

இதற்கு மருந்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. வழக்குக்கான காரணமே இல்லாத பிராதையும், சட்டம் தடுத்துள்ள பிராதையும் கட்டளை 7 விதி 11-ன்படி நீதிமன்றம் தொடக்கத்திலேயே நிராகரிக்கலாம். பிராதின் சொல்ஜாலத்தில் மயங்காமல் சாரத்தைப் படித்து, போலி வழக்கை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று 1977-லேயே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் கீழமை நீதிமன்றங்களுக்குச் சொன்னார். ஆனால் இந்த மனுவில் நம் பட்டாவை நீதிமன்றம் பார்க்காது. எதிராளியின் பிராதையும் அதோடு தாக்கலான ஆவணங்களையும்தான் பார்க்கும். பஞ்சமி என்பதை மறைத்து சாமர்த்தியமாக எழுதியிருந்தால் விசாரணைக்குப் போகத்தான் வேண்டும்.

பொய்யென்று முடிவானால் எதிராளிக்கு என்ன நஷ்டம்? பிரிவு 35-ஏ தரும் இழப்பீட்டின் உச்சவரம்பு 3,000 ரூபாய். வழக்கு நடத்தும் வசதி உள்ளவருக்கு அது ஒரு தொகையா?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதைவிடக் கடுமையானது. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராத ஒருவர், அச்சமூகத்தவர் மீது பொய்யான, தீய நோக்குள்ள, தொல்லை தரும் வழக்கைத் தொடுப்பதையே பிரிவு 3(1) குற்றமாக்குகிறது. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. காவல் நிலையத்தில் 'இது சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். அதே நேரம், தோற்ற வழக்கெல்லாம் பொய் வழக்கு ஆகிவிடாது. தெரிந்தே போட்டார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். நாம் கொடுத்த புகார் விடுதலையில் முடிந்தவுடன் 'பொய் பி.சி.ஆர்.' என்று கூவுகிறவர்களுக்கும் இதே அளவுகோல்தான். சாட்சி பிறழ்ந்து தோற்ற புகார் பொய்ப் புகார் அல்ல. பொய்ப் புகாருக்குக் காரணம் மனித பலவீனமே தவிர சாதி அல்ல என்று 2019 அக்டோபர் 1-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

பலர் கோட்டை விடுவது சம்மன் வந்த அன்றுதான். 'பொய் வழக்குதானே' என்று போகாமல் இருந்துவிடுகிறார்கள், ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடுகிறது. சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை. வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால், நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் சாதிச் சான்றிதழோடு மனு கொடுக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு கிடையாது. தொலைபேசி உதவிக்கு 15100.