பழைய ஜீப்: காட்சிக்கா, பாதைக்கா?

பாரிஸிலிருந்து புதுச்சேரிக்குச் சாலை வழியாகவே வந்து சேர முடிந்த காலம் ஒன்று இருந்தது. ஆரோவில் தொடங்கப்பட்ட மறு வருடம், 1969-ல், பாரிஸில் கிளம்பிய ஒரு கூட்டம் வண்டிகளிலேயே வந்து இங்கே இறங்கியது. அடுத்த பத்து வருடத்தில் அந்தப் பாதை அடைபட்டுப் போனது. 1979-ல் ஈரானில் புரட்சி, அதே வருட டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை.

பாதை போனாலும் ஆசை போகவில்லை. லாஸ்பேட்டையிலோ முதலியார்பேட்டையிலோ ஒரு வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திய பழைய ஜீப் நின்றால், அதைப் பார்த்துக்கொண்டே போகிறவர்களில் ஒருவராவது 'இதைச் சரிபண்ணி லடாக் வரைக்கும் ஒரு நடை போய்ப் பார்த்தால் என்ன?' என்று நினைக்காமல் இருக்க மாட்டார். அந்த வீட்டு அம்மாவோ 'இந்த இரும்பை எப்போதான் பழைய சாமான்காரனுக்குப் போடுவீங்க?' என்று கேட்டுக்கொண்டிருப்பார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த வண்டியோடு இன்னொரு உறவும் உண்டு. 1947-ல் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாகக் கொண்டுவந்து பம்பாயில் பூட்டத் தொடங்கியது மஹிந்திரா. பின்னாளில் உயர்ந்த மூக்கோடு வந்த சிஜே-3பி மாடல்தான் பல வருடங்களுக்கு 'ஜீப்' என்றாலே நம் கண்ணில் வரும் உருவம். 1979-ல் அதே மஹிந்திரா, பிரான்சின் பெஷோ நிறுவனத்தோடு டீசல் இன்ஜினுக்கு ஒப்பந்தம் போட்டது. எக்ஸ்டிபி 4.90 என்ற அந்த 2,112 சிசி இன்ஜின் 1980-களில் எம்எம் 540 ஜீப்புக்குள் உட்கார்ந்தது. உடம்பு அமெரிக்கா, இதயம் பிரான்ஸ், பிறந்த ஊர் இந்தியா. இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைக்காது.

பழைய நான்கு சக்கர இயக்க வண்டியை மறுபடி கட்டி நெடும்பயணம் போவது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1955 செப்டம்பர் 1-ம் தேதி, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பினார்கள். வண்டிகளுக்கும் தங்கள் பல்கலைக்கழகங்களின் பெயரையே வைத்திருந்தார்கள். இந்தியாவைக் குறுக்கே கடந்து, அஸ்ஸாமிலிருந்து காடு மூடிக் கிடந்த பழைய போர்க்காலச் சாலை வழியாகப் பர்மாவுக்குள் நுழைந்து, 1956 மார்ச் 6-ல் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். ஆறு மாதமும் ஆறு நாளும் பிடித்த பயணம்.

'கேம்பிரிட்ஜ்' பிறகு வேறொரு பயணத்தில் ஈரானில் பள்ளத்தில் விழுந்து முடிந்துபோனது. 'ஆக்ஸ்ஃபோர்டு' அட்லான்டிக் கடலின் அசென்ஷன் தீவில் பறவை ஆராய்ச்சிக்காரர்களுக்கு உழைத்துவிட்டு, கடைசியில் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆமாம், நெப்போலியனைக் கொண்டுபோய் வைத்த அதே தீவு. அங்கே துருப்பிடித்துக் கிடந்ததை 2017-ல் ஆடம் பென்னெட் என்பவர் இங்கிலாந்துக்குக் கப்பலில் கொண்டுவந்து உயிர் கொடுத்தார்.

அத்தோடு விட்டிருந்தால் அது கண்காட்சிப் பொருளாகியிருக்கும். 2019 ஆகஸ்டில் அதை சிங்கப்பூருக்கு அனுப்பி, அங்கிருந்து லண்டனுக்கு ஓட்டிவரத் திட்டம் போட்டார்கள். 1955 குழுவில் இருந்த டிம் ஸ்லெஸ்ஸர், 87 வயதில், மறுபடியும் ஏறி உட்காரத் தயாராக சிங்கப்பூர் வந்துவிட்டார். கிளம்பும் நேரத்தில் உடம்பு முடியாமல் மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. தாத்தாவின் இடத்தில் 21 வயதுப் பேரன் நாட் ஜார்ஜ் உட்கார்ந்தார். மியான்மர், மணிப்பூர், நாகாலாந்து, நேபாளம், திபெத், மத்திய ஆசியா என்று 111 நாள் ஓடி, டிசம்பர் 14-ம் தேதி அந்த வண்டி லண்டன் போய்ச் சேர்ந்தது.

மியான்மரிலிருந்து சாலை மணிப்பூருக்குள் நுழையும் இடத்தில் மோரே என்று ஒரு சின்ன ஊர். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் அங்கே குடியேறி, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள். உலகத்தின் எந்த நெடும்பாதையிலும் எங்காவது ஓரிடத்தில் சாம்பார் வாசனை வரும் போலிருக்கிறது. 2021-ல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்த வழியும் சிக்கலாகிவிட்டது.

இனி நம் வாசலில் நிற்கும் ஜீப்புக்கு வருவோம். முதல் போல்ட்டைக் கழற்றும் முன்னால் முடிவு செய்ய வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. இந்த வண்டி காட்சிக்கா, பாதைக்கா? பலரும் இந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்டுக்கொள்கிறார்கள். அதற்குள் பெயிண்டுக்கும் குரோம் பூச்சுக்கும் பாதிப் பணம் போய்விட்டிருக்கும்.

சட்டமே இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டியை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. பேரணி, கண்காட்சி, ஆராய்ச்சி, டீசல் போடுவது, பழுது பார்ப்பது இவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. லடாக் கனவு காண்பவர் இந்தப் பதிவுக்குப் போனால், தன் வண்டிக்குத் தானே பூட்டுப் போட்ட கதைதான்.

பாதைதான் வேண்டும் என்றால், சாதாரணப் பதிவை உயிரோடு வைத்திருக்க வேண்டும். பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும் நாளில் சேஸிஸ் நம்பரும் ஆர்சி புத்தகமும் ஒத்துப்போக வேண்டும். இங்கேதான் பல ஜீப்புகள் மாட்டுகின்றன. பெட்ரோல் ஜீப்பில் எந்தக் காலத்திலோ யாரோ டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்திருப்பார்கள். ஆர்சியில் இன்னும் பெட்ரோல் என்றே இருக்கும். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அது ஒன்று போதும். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆகவே விலை பேசும் முன்னால் ஆர்சியைக் கையில் வாங்கிப் படியுங்கள். காகிதம் சரியில்லாத ஜீப் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விலை அதிகம்தான்.

வடக்கே போகிறவர்களுக்கு இன்னொன்று. டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதற்குப் பிறகும் வழக்கு ஓடி, நிலவரம் மாறிக்கொண்டே இருக்கிறது. கிளம்பும் வாரத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. டெல்லியைச் சுற்றிக்கொண்டு போவதிலும் குறைவில்லை.

காகிதம் முடிந்தால் துரு. உப்புக் காற்றில் வாழும் ஊரில் இதுதான் முதல் எதிரி. லேண்ட் ரோவருக்கு உடம்பு அலுமினியக் கலவை. உலகப் போருக்குப் பிறகு இரும்புக்கு இருந்த தட்டுப்பாட்டால் அப்படிச் செய்தார்கள், அதுவே வரமாயிற்று. நம் ஜீப்புக்கு உடம்பும் இரும்பு, சேஸிஸும் இரும்பு. வெளியே தெரியும் துருவை டிங்கரிங் செய்து, பட்டி வைத்து, பெயிண்ட் அடித்து ஒரே வாரத்தில் மறைத்துவிடலாம். ஆபத்து, பெட்டி போல மூடியிருக்கும் சேஸிஸ் சட்டத்தின் உள்பக்கத்தில் இருக்கிறது. சின்னச் சுத்தியலால் ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும். அரித்த இடம் 'தொப்' என்று அமுங்கின குரலில் பதில் தரும். பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் கொக்கிகள், ஸ்டீயரிங் பெட்டி பூட்டும் இடம் இரண்டிலும் அந்தக் குரல் வந்தால் வெல்டிங் ஒட்டு போதாது. அந்தப் பகுதியையே வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டில் புதிதாகச் செய்ய வேண்டும். பெயிண்ட் அடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் வர வேண்டிய வேலை.

இன்ஜினைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். உண்மையில் அதுதான் சுலபம். பெஷோ டீசலைத் தெரிந்த கைகள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. பம்ப்பையும் இன்ஜெக்டரையும் சோதனை மேடையில் ஏற்றிச் சரிபார்த்து, ஹீட்டர் பிளக் நான்கையும் மாற்றி, ரேடியேட்டரைச் சுத்தமாகக் கழுவினால் பாதி வியாதி போய்விடும்.

பயப்பட வேண்டியது பிரேக்குக்கு. பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், நான்குக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்ப் பாதை. எங்காவது ஒரு குழாயில் ஓட்டை விழுந்தால் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் கைவிட்டுவிடும். ஆகவே மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள் அத்தனையும் புதிதாகவே போட வேண்டும். 'பார்க்க நல்லாத்தான் இருக்கு' என்ற பேச்சே கூடாது. இரண்டு தனிப் பாதைகள் கொண்ட அமைப்புக்கு மாற்ற விரும்புகிறவர்கள் முதலில் பதிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிட்டுச் செய்வது புத்திசாலித்தனம். பின்பக்கப் பெஞ்சுகள் எதிரும் புதிருமாக இருக்கும், பெல்ட் கிடையாது. குழந்தைகளை அதில் உட்கார வைத்து நெடுஞ்சாலையில் போகலாமா என்று வீட்டில் கேட்டால், 'அந்தக் காலத்தில் போகலையா?' என்று பதில் சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் நான்குவழிச் சாலை இல்லை, நூறு கிலோமீட்டர் வேகத்தில் முட்டிக்கொண்டு வரும் பஸ்ஸும் இல்லை. முன் இருக்கை இரண்டு பேருக்கு மட்டும் பயணம் என்று வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சாமான் விஷயத்தில் கஞ்சத்தனம்தான் நல்லது. சிஜே-3பி-யின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலம்தான். இருபது லிட்டர் தண்ணீர் இருபது கிலோ. அதே அளவு டீசல் ஏறக்குறைய பதினேழு கிலோ. இன்ஸ்டாகிராமில் பார்த்த மாதிரி கூரைமேல் கூடாரம், ஏணி, நான்கு கேன் என்று அடுக்கினால் இந்தக் குட்டை வண்டி வளைவில் கவிழப் பார்க்கும். கனமானதெல்லாம் தரையோடு தரையாக, இரண்டு அச்சுக்கும் நடுவே இருக்கட்டும்.

சோதனை ஓட்டத்துக்குப் புதுச்சேரிக்காரர்கள் வேறெங்கும் தேடிப் போக வேண்டாம். இந்தியாவில் வேறு யாருக்கும் இல்லாத பாதை இவர்களுக்கு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நான்கு துண்டுகள்: பிஒய்-01 புதுச்சேரி, 02 காரைக்கால், 03 மாஹே, 04 ஏனாம். கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி வழியாக முதலில் காரைக்கால். 150 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். எது கழன்றாலும் பஸ் பிடித்து வீடு திரும்பலாம். அதில் தேறிய வண்டியை ஆந்திராவுக்குள் ஏனாமுக்கு ஓட்டிப் பார்க்கலாம். சுமார் 840 கிலோமீட்டர், சமவெளி, அறுபதுக்கு மேல் போகாமல் இரண்டு நாள். இன்ஜின் சூட்டைத் தாங்குகிறதா என்று ஓங்கோல் வெயில் சொல்லிவிடும்.

கடைசிப் பரீட்சை மாஹே. கேரளக் கரையில், தலச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. போகும்போது சேலம், கோவை, பாலக்காடு வழி. மலை ஏற வேண்டியதில்லை. வரும்போது தாமரச்சேரி சுரத்தின் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, வயநாடு, கூடலூர், ஊட்டி என்று வாருங்கள். நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், முன்பே எடுத்துவிடுங்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது இரண்டாவது கியரில் வண்டியைக் கட்டிப்பிடித்து இறக்க வேண்டும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்பு போய்விடும். பாதி வழியில் ஓரமாக நிறுத்தி, நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

வீடு வந்ததும் பின் அச்சு ஹவுசிங்கின் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கி ஒரு கண்ணாடி டம்ளரில் பாருங்கள். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. சீல் மாற்றும்வரை லடாக் காத்திருக்கட்டும்.