8,500 ரூபாய் காந்தமும் என் போர்த் தண்ணியும்

எங்க மோட்டார் கொட்டாயில ரெண்டு காந்தக் கட்டி, போர் பைப்பை எதிரும் புதிருமா கட்டிப் பிடிச்சிக்கிட்டு இருந்துச்சு, போன வாரம் வரைக்கும். விலை 8,500 ரூபாய். வாங்கினவன் நான்தான். அதனால இங்க நான் திட்டப்போறதுல முதல் திட்டு எனக்கே சேரட்டும்.

எங்க போர்த் தண்ணி வருஷத்துக்கு வருஷம் உப்பேறுது. கத்தரி இலை ஓரம் கருகுது. சொட்டுநீர்க் குழாய் வாயில வெள்ளையாப் படிஞ்சு அடைச்சிக்குது. அந்த நேரம் பார்த்து பைக்ல ஒருத்தர் வந்தார். பெட்டியைத் திறந்து காந்தத்தை எடுத்தார். கொட்டாயில கிடந்த ஸ்பேனரை அந்தரத்துல தூக்கிக் காட்டினார். "பவரைப் பாத்தீங்களாண்ணா? தண்ணியில இருக்கற உப்பை உடைச்சிரும். ஒரு மூட்டை எடுக்கற எடத்துல ஒண்ணரை மூட்டை எடுப்பீங்க" என்றார். ஸ்பேனர் தூக்கினதைப் பார்த்துட்டு உப்பு விஷயத்தை நம்பினேன். அங்கதான் ஏமாந்தேன். ஸ்பேனர் இரும்பு. உப்பு இரும்பா?

பத்தாவதுல படிச்சதுதான். காந்தம் பலமா இழுக்கறது மூணு உலோகத்தை: இரும்பு, நிக்கல், கோபால்ட். அப்புறம் அதுங்க சேர்ந்த சில கலவைங்களை. வீட்டுலயே பார்க்கலாம். பித்தளைச் சொம்புல ஒட்டாது, அலுமினியக் குண்டான்ல ஒட்டாது. இப்போ புழங்கற ஒரு ரூபாய் காசு ஒட்டும். ஆனா 1980-கள்ல வந்த பழைய பெரிய ஒரு ரூபாய் ஒட்டாது. இத்தனைக்கும் அதுல கால்வாசி நிக்கல்! மீதி செம்பு. இரும்புலயும் நிக்கல்லயும் ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அதுங்க நாத்து வரிசை மாதிரி ஒரே பக்கம் பார்த்து நின்னாத்தான் பலமான இழுப்பு. செம்போட கலந்துட்டா அந்த வரிசை கூடறதில்ல. அதனால "இதுக்குள்ள இரும்பு இருக்கு, காந்தம் இழுக்கும்"னு யாராவது சொன்னா உடனே தலையாட்டாதீங்க. எப்படி இருக்குன்னு கேளுங்க.

தண்ணியில கரைஞ்ச சோடியம், கால்சியம், குளோரைடு எதுவும் அப்படி வரிசைகட்டி நிக்கற சாதி இல்ல. இன்னொரு கூத்து, என் பைப்பு ஜி.ஐ. பைப்பு. காந்தப்புலம் இரும்புக்குள்ள பாய்ஞ்சு போறதுக்குத்தான் வழி தேடும். மீந்துபோன ஒரு துண்டு பைப்புல கட்டியை வெச்சிட்டு, உள்ள நூல்ல ஒரு ஊசியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். லேசா ஆடினதோட சரி. பைப்பு இல்லாம அதே தூரத்துல வெச்சா பாய்ஞ்சு ஒட்டிக்குது. அதாவது காந்தத்தோட பலத்துல பெரும்பங்கை பைப்பே முழுங்கிடுது, தண்ணி சும்மா ஓடுது.

காந்தத்தைக் கழட்டிட்டு ஒரு பாட்டில், மாட்டிட்டு ஒரு பாட்டில் பிடிச்சு தண்ணி பரிசோதனைக்குக் கொடுத்தேன். எந்த பாட்டில் எதுன்னு சொல்லல. உப்பு அளவு ரெண்டுலயும் ஒண்ணுதான். உப்பு படியற விதம் காந்தத்தால கொஞ்சம் மாறும்னு சில ஆராய்ச்சி சொல்லுது, இல்லன்னு சில ஆராய்ச்சி சொல்லுது. அது தனிச் சண்டை. உப்பு தண்ணியை விட்டுப் போகாது, அதுல சண்டையே இல்ல.

சரி, விவசாயி ஏமாந்தான், படிக்காதவன்னு சிரிக்கறீங்க. இப்ப உங்ககிட்ட வரேன்.

அம்பத்தூர்ல சொந்தக்காரர் வீடு, நாலாவது மாடி. வீட்டுக்காரரும் சம்சாரமும் இன்ஜினியர். முட்டிக்குக் காந்தப் பட்டை, கைக்குக் காந்த வளையல், காந்தம் வெச்ச மெத்தை. மெத்தை விலையைக் கேட்டதும் என் 8,500 மேல எனக்கே பாசம் வந்துடுச்சு. கட்டில் வடக்கே தலை வராத மாதிரி போட்டிருக்கு. ஏன்னு கேட்டா, "ரத்தத்துல இரும்பு இருக்கில்ல மாமா, பூமியோட காந்தம் மூளைக்கு இழுத்துடும்"னு பதில். எங்க ஆயாவும் வடக்கே தலை வெக்காதேன்னுதான் சொல்லும். ஆனா அது பழக்கம்னு சொன்னாங்களே ஒழிய, காந்தத்தைச் சாட்சிக்குக் கூப்பிடல.

ரத்தத்துல இருக்கற இரும்பு அந்தப் பழைய ஒரு ரூபாய்க்குள்ள இருக்கற நிக்கல் மாதிரி. ஹீமோகுளோபினுக்குள்ள ஒவ்வொரு அணுவா பூட்டிக் கிடக்கு. வரிசை கிடையாது. இதை நிரூபிக்க ஆராய்ச்சிக்கூடம் வேணாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் போதும். பூமியோட காந்தப்புலத்தைவிட அது 30,000 மடங்குக்கு மேல பலம். அரை மணி நேரம் அதுக்குள்ள படுத்துட்டு எழுந்து வந்து டீ குடிக்கறோம். இரும்புன்னா அது விடாது. 2018 ஜனவரியில மும்பையில ஆக்சிஜன் சிலிண்டரோட ஸ்கேன் அறைக்குள்ள போன ஒருத்தரை, அந்த சிலிண்டரோட சேர்த்து மிஷின் இழுத்து, அவர் உயிரே போச்சு. இழுத்தது சிலிண்டரை, ரத்தத்தை இல்ல. அந்த மிஷினே தொடாத ரத்தத்தை பூமி காந்தம் ராத்திரியோட ராத்திரியா மூளைக்கு ஏத்துமா?

ஒருகாலத்துல வெள்ளைக்காரன் ஊர்லயும் பூண்டு தேய்ச்சா காந்தம் செத்துடும்னு நம்பினாங்க. வில்லியம் கில்பர்ட் 1600-ல போட்ட புத்தகத்துல அதைப் பொய்யின்னு எழுதினார். பூமியே ஒரு பெரிய காந்தம்னு சொன்னதும் அதே புத்தகத்துலதான். நானும் ஒரு பல்லு பூண்டு தேய்ச்சுப் பார்த்தேன். ஸ்பேனர் எப்பவும்போல ஒட்டுது, வாசம்தான் போகல.

என் கோபம் காந்தத்து மேல இல்ல. எனக்குத் தண்ணி குடுக்கறதே காந்தம்தான். செம்புக் கம்பியை காந்தம் இழுக்காது, ஆனா அதே கம்பியில கரன்ட் ஓடினா அதைச் சுத்திக் காந்தப்புலம் வந்துடும். அதை 1820-ல ஓர்ஸ்டெட் கண்டுபிடிச்சார். என் மோட்டாருக்குள்ள அந்தப் புலம்தான் சுத்திச் சுத்தி தண்ணியை மேல ஏத்துது. சுருள் எரிஞ்சா ரீவைண்டிங் கடைக்காரருக்கு நான் குடுக்கற காசெல்லாம் அந்தக் காந்தத்துக்குத்தான். நிஜக் காந்தம் கீழ உறுமிக்கிட்டு இருக்க, நான் மேல பைப்புல ஒரு ஊமைக் காந்தத்தைக் கட்டினேன்.

மாட்டு டாக்டர் குடுக்கற காந்தமும் நிஜம். வெள்ளானூர்ல கழனியெல்லாம் பிளாட் ஆகுது. வீடு கட்டற இடத்துல வெட்டிப்போட்ட கட்டுக்கம்பி புல்லோட மாட்டு வயித்துக்குப் போகுது. மாடு நம்மள மாதிரி மென்னு பார்த்து முழுங்காது. கம்பி இரண்டாவது வயித்துல தங்கிக் குத்தும், அங்கேர்ந்து நெஞ்சு கிட்ட. அதுக்கு விரல் நீளக் காந்தம் ஒண்ணை வாய்வழியா விடுவாங்க. அது அங்கயே உக்காந்து ஆணி, கம்பியைப் பிடிச்சு வெச்சிக்கும். ஏற்கெனவே உள்ள காந்தம் இருக்கான்னு பார்க்க, முன்னங்காலுக்குப் பின்னால திசைகாட்டியை நீட்டுவார் டாக்டர். முள்ளு திரும்பினா இருக்கு. நீங்க கட்டிப்போடற பிளாஸ்டிக் பையை அது பிடிக்காது, அதையும் சொல்லிடறேன்.

என் 8,500 ரூபாய் ஜோடியைக் கழட்டியாச்சு. ஒரு மூங்கில் கழியில கட்டி, மாடு மேய்க்கற பிளாட் ஓரமா தினம் காலையில இழுத்துட்டுப் போறேன். நேத்து ஒரு நாள்ல மட்டும் ஒரு டீ டம்ளர் நிறைய கட்டுக்கம்பியும் ஆணியும்.