கடற்போரும் நம் எழுத்தாளரும்

போர்க்கப்பல், நீர்மூழ்கி, குண்டுமாரி, இறுதியில் ஒரு வெற்றி முழக்கம்: கடற்போர் நாவல் என்றால் இவ்வளவே என்று நம் வாசகர் பலர் கருதுகின்றனர். வெள்ளவத்தையிலும் களுபோவிலையிலும் ஆங்கில நாவல்களில் ஆழ்ந்து கிடக்கும் இளைஞரும் இதற்கு விலக்கல்லர். இக்கருத்துப் பிழையானது.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை அதிகாரியாக அத்திலாந்திக்கில் வணிகக் கப்பல்களுக்குக் காவல் சென்றவர் நிக்கலஸ் மொன்சராற். 1951இல் அவரது ‘த குரூவல் சீ’ வெளிவந்தது. அதிலே ஒரு கட்டம். உயிர் தப்பி நீரில் தத்தளிக்கும் மாலுமிகளுக்கு அடியில் பகைவரின் நீர்மூழ்கி இருப்பதாகக் கருவி காட்டுகிறது. கப்பல் தலைவன் வெடிகளை வீச ஆணையிடுகிறான். மாலுமிகள் மடிகின்றனர், நீர்மூழ்கி இருந்ததற்கோ சான்றில்லை. விறுவிறுப்புக்குக் குறைவில்லை, ஆயினும் வாசகன் கைதட்டான், கலங்குவான். கடலில் நின்றவன் எழுதியதால் வந்த வலிமை இது.

தமிழிலும் கடற்படை அதிகாரி எழுத்தாளரானதுண்டு. இந்தியக் கடற்படையில் பொறியியலாளராயிருந்த நரசய்யா, ‘கடலோடி’ என்ற நூலால் பெயர் பெற்றார். அவர் தந்தவை அனுபவமும் வரலாறும். சாண்டில்யனின் ‘கடல் புறா’வோ சோழர் காலக் கடலில் மிதப்பது. நம் காலத்துக் கடற்போர் தமிழ் நாவலில் எங்கே?

அக்கடல் நமக்குத் தொலைவிலில்லை. 1985 மே 15இல் குமுதினிப் படகில் சென்ற நெடுந்தீவுப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1994 செப்தெம்பரில் மன்னார்க் கடலில் ‘சாகரவர்த்தன’ என்ற கடற்படைக் கப்பலைக் கடற்புலிகள் மூழ்கடித்தனர். அதன் தளபதி அஜித் போயகொட எட்டாண்டுகள் சிறையிருந்து 2002இல் விடுதலையானார். அவர் சொல்ல, சுனிலா கலப்பத்தி எழுதிய நினைவு நூல் 2016இல் ஆங்கிலத்தில் வந்தது. தம்மைச் சிறைவைத்தோரையும் மனிதராகவே காட்டியது அந்நூலின் சிறப்பு.

சிங்களத் தளபதி ஒருவர் வாய் திறந்துவிட்டார். நாம் ஏன் வாளாவிருக்கிறோம்? இப்போரை வைத்து நாளை வீரதீர நாவல்கள் எழுவது திண்ணம். வென்றவன் எழுதினால் நம் மீனவன் பகைவனாவான். நம்மவன் எழுதினால் எதிர்க்கப்பலின் மாலுமி வெறும் இலக்காவான். இரண்டுமே பொய்.

படகோட்டியும் மீனவனும் கணவனைக் கடலுக்குக் கொடுத்தவளும் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் வாய்மொழியைக் கேட்டு எழுதுவதே நம் எழுத்தாளரின் கடன். அவர்கள் மறைந்தபின் எழுதப்படுவது கற்பனையாகலாம், சாட்சியமாகாது.