மனோராவிலிருந்து பார்த்தால்

மதச்சார்பின்மை கிறிஸ்தவத்தின் வயிற்றுப் பிள்ளை, ஐரோப்பாவை விட்டு வெளியே வந்தால் பிழைக்காது என்று ஓர் இதழ் பக்கம் பக்கமாக வாதிட்டிருக்கிறது. சமூகவியலாளர் மாக்ஸ் வெபரில் தொடங்கி, பைபிளில் வரும் சீசரின் நாணயத்தில் முடிகிறது அந்த வாதம். நடுவே நிலமும் இல்லை, சாதியும் இல்லை.

பேராவூரணிக்காரர்களுக்கு மனோராவைத் தெரியும். நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாடத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கடற்கரையில் எழுப்பிய எட்டு நிலைக் கோபுரம். அந்த நெப்போலியனின் காலத்தில், ரைன் நதிக்கு மேற்கே பிரான்சிடம் நிலம் இழந்த ஜெர்மன் சிற்றரசர்களுக்கு ஈடுகட்டத்தான் 1803இல் ஆயர்களின் ஆட்சிப் பகுதிகளையும் மடத்துச் சொத்துகளையும் பறித்துக் கொடுத்தார்கள். அங்கே திருச்சபையின் பிடி தளர்ந்ததில் இறையியலுக்கு இருந்த பங்கைவிட நிலக்கணக்குக்கு இருந்த பங்கு பெரிது.

கோபுரம் கட்டிய சரபோஜி, லுத்தரன் போதகர் சுவார்ட்ஸிடம் வளர்ந்தவர். தஞ்சை சிவகங்கைப் பூங்கா அருகே உள்ள தேவாலயத்தில் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்கைப் பாருங்கள்: மரணப் படுக்கையில் குரு, அவர் கையைப் பற்றி நிற்கும் அரசர். அந்த அரசர் கடைசிவரை மதம் மாறவில்லை. ஐரோப்பிய மருத்துவத்தையும் அச்சு எந்திரத்தையும் அரண்மனைக்குக் கொண்டுவர அவருக்கு ஞானஸ்நானம் தேவைப்படவில்லை.

சுவார்ட்ஸின் இன்னொரு மாணவர் வேதநாயக சாஸ்திரியார். குறவஞ்சிக்குள் ஐரோப்பிய வானியலையும் புவியியலையும் நுழைத்த அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு அலுக்காது. அந்த மகாகவிதான் சபைக்குள் சாதி ஆசாரத்தைக் காக்கப் புதிய மிஷனரிகளோடு மல்லுக்கு நின்றார். 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சாதியை விடச் சொன்னபோது, தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர் பலர் திருவிருந்தின் பொதுக் கிண்ணத்தைவிடச் சாதியே பெரிதென்று சபையை விட்டு விலகி நின்றார்கள். கோளங்களின் சுழற்சியை ஏற்றுக்கொண்ட மனத்தால் பக்கத்து இருக்கைக்காரரை ஏற்க முடியவில்லை. தமிழ்நாட்டில் மதச்சார்பின்மையின் வரலாற்றை இந்த இடத்திலிருந்துதான் எழுத வேண்டும். மதமா அரசா என்ற வழக்கை மட்டும் நடத்திக்கொண்டிருந்தால் சாதி இரண்டு பக்கமும் சாட்சியாகக்கூட ஏறாமல் தப்பிவிடும்.

அரசும் இதில் சுத்தமில்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதித் தகுதியைப் பெரும்பாலும் இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியேதான். அதே தெரு, அதே வயல் வேலை, அதே அவமானம். சான்றிதழ் மட்டும் வேறு. ஒருவர் கும்பிடும் சாமியைப் பார்த்து அவருடைய சாதியைத் தீர்மானிக்கிறது நம் மதச்சார்பற்ற அரசு.

ஐரோப்பாவைப் பற்றி எழுதும் நண்பர்கள், அடுத்த கட்டுரைக்கு முன் அந்த ஆணையின் மூன்றாம் பத்தியைப் படிக்க வேண்டும்.